மூடிய போத்தலும் பால்மரக் கொட்டையும்

சுங்கைப் பட்டாணியைச் சுற்றியுள்ள தோட்டங்களுள் ஒன்றில் மாலை நேரப் பெற்றோர் கூட்டம் முடிந்தபின், தந்தை ஒருவர் தம் மகனின் அறிவியல் ஏட்டுடன் என்னிடம் வந்தார். அவர் பால்வெட்டுத் தொழிலாளர். மகன் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு பயில்பவன். "தாவரம் உயிர்வாழ எவை தேவை?" என்னும் வினாவுக்கு அச்சிறுவன், "மண், உரம், வாளி" என்று எழுதியிருந்தான். மூன்றும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன.

"ஐயா, நான் மரம் வெட்டுகிறவன். எனக்குப் படிப்புக் குறைவு. இதையெல்லாம் இவனுக்கு நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்றார் தந்தை.

வாளி எதற்கென்று சிறுவனையே கேட்டேன். "அப்பா தினமும் மரத்துக்கு வாளி கொண்டு போகிறாரே!" என்றான். அருகிலிருந்தோர் நகைத்தனர். விடை பிழையானதுதான், எனினும் அவன் மனப்பாடம் செய்ததை எழுதவில்லை, கண்ணால் கண்டதை எழுதியிருந்தான். காண்பதைச் சரியாகக் காண ஒருவர் உடனிருந்து காட்ட வேண்டும். பால்மரத்தைப் பொறுத்தவரை, நாள்தோறும் விடியலில் அதன் முன் நிற்கும் தந்தையைவிடத் தகுதியுடைய ஆசிரியர் வேறு யார்?

உயிர்கள் வாழ்வதற்கு உணவும் நீரும் காற்றும் தேவை. தாவரத்துக்கு ஒளியும் தேவை. விலங்குகளுக்கு வெயில், மழை, பகை ஆகியவற்றினின்று ஒதுங்க ஓர் இடமும் வேண்டும். முதலாம் ஆண்டுப் பாடம் ஏறத்தாழ இவ்வளவே. இதனைப் பிள்ளைகள் ஒரே நாளில் ஒப்புவித்துவிடுவர். ஒப்புவிப்பதும் அறிவதும் ஒன்றல்ல என்பதை நான் ஒரு மீனின் சாவினால் கற்றுக்கொண்டேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற முதல் ஆண்டு அது. "மீன் நீரில் கரைந்துள்ள காற்றைச் செவுள்களால் சுவாசிக்கிறது" என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் உரத்த குரலில் மும்முறை படித்தனர். மறுநாள் மாணவன் ஒருவன் கண் சிவந்து வந்தான். வடிகாலில் பிடித்த சண்டை மீன் ஒன்றைப் போத்தலில் இட்டு, பூனை கவிழ்த்துவிடலாகாது என்று விளிம்பு வரை நீர் நிரப்பி, மூடியை இறுகத் திருகி வைத்திருந்தான். விடிவதற்குள் மீன் இறந்துவிட்டது. "நீரில் உள்ள காற்றே மீனுக்குப் போதும் என்று ஐயாதானே சொன்னீர்கள்?" என்று கேட்டான்.

நான் சொன்னது பொய்யன்று, ஆயினும் முழுமையானதன்று. சண்டை மீனுக்குச் செவுள்கள் மட்டும் போதா. அதன் தலையினுள், செவுள்களுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு ஒன்று உண்டு. அது நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயால் காற்றை விழுங்கியாக வேண்டும். வயல்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் வாழும் பனையேறிக் கெண்டையும் விராலும் அத்தகையனவே. நம் மக்கள் புயு என்றும் ஹாருவான் என்றும் மலாய்ப் பெயரால் அழைக்கும் இம்மீன்கள், ஈரக்கோணியில் பல மணி நேரம் உயிரோடிருப்பதைச் சந்தையில் கண்டிருப்பீர்கள். செவுளால் மட்டுமே சுவாசிக்கும் மீனாக இருப்பினும், இறுக மூடிய சிறு போத்தலில் கரைந்த காற்று விரைவில் தீர்ந்துபோம். அச்சிறுவன் மீனுக்கு நீர் தந்தான், காவலும் தந்தான். மேலே இரண்டு விரற்கடை வெற்றிடமும் மூடியில் சில துளைகளும் இருந்திருப்பின் அது பிழைத்திருக்கும்.

அன்று முதல் பாடத்தை அதே போத்தலைக் கொண்டே தொடங்குவதை வழக்கமாக்கிக் கொண்டேன்.

மூடிய போத்தலில் வாழும் செடி

வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் சிறிது கூழாங்கல்லும், அதன்மேல் ஈரமண்ணும் இடுங்கள். வடிகால் ஓரத்தில் முளைக்கும் சிறு பெரணி ஒன்றை வேரோடு எடுத்து நட்டு, மூடியை இறுக மூடிவிடுங்கள். வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். நாள்கள் செல்லும், செடி வாடாது. மூடிய போத்தலில் மீன் இறந்தது, செடி மட்டும் எவ்வாறு வாழ்கிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். உடனே விடை கூறிவிட வேண்டா. இரண்டொரு நாள் அவன் அதனைச் சுற்றிச் சுற்றி வரட்டும்.

போத்தலின் உட்புறத்தில் நீர்த்துளிகள் படிவதை அவனே காண்பான். இலையினின்றும் மண்ணினின்றும் ஆவியான நீர் கண்ணாடியில் குளிர்ந்து மீண்டும் மண்ணில் இறங்குகிறது. ஒளி இருக்கும் வரை, இலை கரியமிலவாயுவையும் நீரையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிப் பிராணவாயுவை வெளிவிடுகிறது. செடியும் நம்மைப்போல் இரவும் பகலும் சுவாசிக்கிறது. ஆயினும் பகலில் அது ஆக்குவது, செலவழிப்பதினும் மிகுதி. மீனுக்கு அந்த ஆற்றல் இல்லை. மீனுக்கும் நமக்கும் சமையலறை வெளியே இருக்கிறது. செடிக்கோ அஃது இலையிலேயே இருக்கிறது.

இவ்வுண்மை தற்செயலாகக் கண்டறியப்பட்டதாகும். இலண்டன் நகர மருத்துவர் நத்தேனியல் வார்டு என்பார், 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடினார். பூச்சிக்காகக் காத்திருந்தவர், மண்ணில் ஒரு பெரணியும் புல்லும் முளைத்திருக்கக் கண்டார். அவை நீர் ஊற்றப்படாமலே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. அதனைக் கண்ட அவர் செடிகளைக் கடல்கடந்து அனுப்புவதற்கான கண்ணாடிப் பெட்டிகளை அமைத்தார். உப்புக்காற்றில் வாடி மடிந்துவந்த கன்றுகள், அதன்பின் மாதக்கணக்கில் கப்பலில் பயணம் செய்து உயிரோடு கரை சேர்ந்தன.

நம் பால்மரம் இந்நாட்டுக்கு வந்த கதையும் இதனோடு தொடர்புடையதே. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 பால்மரக் கொட்டைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். பால்மரக் கொட்டை எண்ணெய்ச் சத்து மிக்கது. உலர்ந்தால் சில வாரங்களிலேயே உயிரிழந்துவிடும். ஈரம் மிகுந்து காற்றில்லாமற் போனாலோ அழுகிவிடும். ஆகையால் அவர் காய்ந்த வாழையிலைகளுக்கு இடையே கொட்டைகளை அடுக்கி, காற்றோட்டம் பெறும்படி கூடைகளைக் கப்பலில் தொங்கவிட்டார். அவ்வளவு கருத்துடன் கொண்டு சென்றும் முளைத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. அக்கன்றுகள் வார்டு அமைத்த வகையைச் சேர்ந்த கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகளே. மலாயாவின் தொடக்ககாலத் தோட்டங்கள் பெரிதும் இவற்றின் வழிவந்த விதைகளால் எழுந்தவை. நம் பாட்டனார்கள் கப்பலேறி வந்ததும் இம்மரங்களை நாடியே. ஈரமும் காற்றும் வெளிச்சமும் குறைந்திருப்பின், அக்கன்றுகளும் வந்திரா, நாமும் இங்கு வந்திருக்க மாட்டோம்.

கொட்டையைக் கொண்டு ஒரு சோதனை

ஆகஸ்டு, செப்டம்பர் மாத வாக்கில் காய்கள் வெடித்துக் கொட்டைகள் நாற்புறமும் சிதறுவதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி விளையாடுவர். விளையாட்டோடு சோதனையும் நிகழட்டும். ஓர் எச்சரிக்கை: பச்சையான பால்மரக் கொட்டையில் நஞ்சு உண்டாக்கும் பொருள் உள்ளது. சிறு பிள்ளைகள் வாயில் இடாதபடி காத்தல் வேண்டும்.

மிகச் சிறிய பிள்ளைகளுக்குப் பச்சைப் பயறே ஏற்றது. இரண்டே நாளில் முளைவிடும். நான்கு கொட்டாங்கச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஈரப் பஞ்சின்மேல் பயற்றை இட்டு வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டாவதில் பஞ்சு உலர்ந்தே இருக்கட்டும். மூன்றாவதில் பயற்றை நீரில் முற்றிலும் மூழ்கடியுங்கள். நான்காவதை முதலாவதைப் போலவே செய்து, ஒரு பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து மூடுங்கள். ஒரு வேளைக்கு ஒரே ஒரு தேவையை மட்டுமே விலக்க வேண்டும். இரண்டை ஒருசேர விலக்கினால் எதனால் செடி மடிந்தது என்று பிள்ளைக்கு விளங்காது.

உலர்ந்த பயறு அப்படியே கிடக்கும். மூழ்கிய பயற்றில் சிறு முளை எட்டிப் பார்த்தாலும், வளராமல் அழுகி நாற்றமெடுக்கும். இங்கே பிள்ளை ஒன்றை வியப்பான். தகரத்துக்குள் இருட்டில் இருந்த பயறு வெளிச்சத்தில் இருந்ததைவிட நெடிதாக வளர்ந்திருக்கும்! "இருட்டில்தான் நன்றாக வளர்கிறது" என்று அவன் கூவுவான். பெற்றோர் அவசரப்பட்டு மறுத்தல் கூடாது. வெளுத்து, மெலிந்து, நிற்க வலிமையின்றி அது சாய்ந்திருப்பதைக் காட்டிவிட்டு, மீண்டும் மூடி வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் அது துவண்டு மடியும். விதைக்குள் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோறு தீரும் வரை அது ஒளியைத் தேடி ஓடியது. சோறு தீர்ந்தது, ஒளி கிட்டவில்லை. இச்சோதனையைப் பாதியில் நிறுத்தினால் பிள்ளை பிழையான பாடத்தைக் கற்றுக்கொள்வான் என்பதை மறவாதீர்கள்.

சிறுவன் எழுதிய "மண், உரம்" என்பதற்கு வருவோம். செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்று எண்ணுவது பிள்ளைகள் மட்டுமல்லர். அறிஞர்களும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். வான் ஹெல்மோன்ட் என்னும் அறிஞர் 200 இறாத்தல் உலர்மண்ணில் 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை 169 இறாத்தலுக்கு மேல் ஆயிற்று. மண்ணில் குறைந்ததோ இரண்டே அவுன்சு. 1648இல் அவர் நூல் வெளிவந்தது. மரம் முழுவதும் நீரினாலேயே ஆனது என்று அவர் முடிவு செய்தார். அதுவும் அரைகுறை விடையே. காற்றிலுள்ள கரியமிலவாயுவின் பங்கு பின்னரே தெளிவாயிற்று. பெரும் அறிஞருக்கே இந்நிலை என்றால், ஏழு வயதுச் சிறுவனைக் கடிவது நியாயமன்று. உரம் மரத்துக்குச் சோறாகாது. சோற்றில் இடும் உப்பைப் போன்றது. சிறிதளவே வேண்டும், இல்லாமலும் இயலாது.

தந்தை அறிந்த பாடம்

அத்தந்தையிடம் நான் ஒரு வினா எழுப்பினேன். "விடியற்காலையில் ஏன் பால் வெட்டுகிறீர்கள்? பத்து மணிக்குத் தொடங்கினால் என்ன?" அவர் சிரித்தார். "பத்து மணிக்கு வெட்டினால் பால் எங்கே ஐயா வரும்?" என்றார். பாடம் அவரிடமே இருந்தது. பாடம் என்று அவர் அதனை எண்ணியதில்லை, அவ்வளவே.

பாலில் பாதிக்கு மேற்பட்டது நீராகும். பகலில் வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. அதனால் மரத்தினுள் அழுத்தம் தளர்கிறது. பட்டையிலுள்ள பால்நாளங்களும் தளர்கின்றன. இரவில் இலைகள் ஓய்ந்திருக்க, வேர்கள் உறிஞ்சும் நீரால் மரம் மீண்டும் நிரம்புகிறது. விடியலில் உளி பட்டவுடன் பால் பீறிட்டு வழிவது அவ்வழுத்தத்தினாலேயே. இருள் விலகுமுன் நாம் எழுந்து ஓடுவது மரத்தின் நீர்த்தேவை வகுத்த நேரப்படியேயாகும். விடுமுறை நாளில் பிள்ளையை உடன் அழைத்துச் சென்று, காலை வெட்டில் பால் வழியும் வேகத்தையும் வெயில் ஏறியபின் அது நின்றுபோவதையும் ஒருமுறை காட்டுங்கள். ஏட்டில் பத்துப் பக்கம் எழுதினும் அதற்கு ஈடாகாது.

ஆண்டின் தொடக்கத்தில் வறண்ட காற்று வீசும் வாரங்களில் கெடாவின் பால்மரங்கள் இலை உதிர்க்கின்றன. புதிய தளிர் முற்றும் வரை பால் குறைகிறது. பல இடங்களில் வெட்டும் நிறுத்தப்படுகிறது. நம் வருமானத்துக்கு அது கடினமான காலம். அதன் காரணத்தைப் பிள்ளைக்கு ஒரே சொற்றொடரில் கூறலாம்: மரத்தின் சமையலறை மூடியிருக்கிறது. இலை தன் உணவை ஆக்கினால்தான் மரம் வளரவும் பால் சுரக்கவும் இயலும். நாள்தோறும் வாளியில் நாம் எடுத்து வருவது அவ்வுணவினால் ஆன செல்வம். அளவுக்கு மீறி வெட்டப்பட்ட மரத்தில் பால் வற்றிப் பட்டை காய்ந்துவிடுவதைப் பழைய தொழிலாளர்கள் நன்கறிவர். வாளி மரத்தினின்று எடுப்பதற்கு உரியது, கொடுப்பதற்கு அன்று என்பது இவ்வாறு விளங்கியபின், அச்சிறுவன் தானே அச்சொல்லை அடித்துவிட்டான்.

வேருக்கும் காற்று வேண்டும் என்பதைக் காண மெர்போக் ஆற்றங்கரை வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று வரலாம். சுங்கைப் பட்டாணியிலிருந்து தொலைவில்லை. சேற்றில் பிராணவாயு அரிது. ஆகவே அங்குள்ள கண்டல் வகை மரங்களுள் சில, பென்சில்களை நட்டு வைத்தாற்போல் வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிச் சுவாசிக்கின்றன. நம் தோட்ட மரங்களுக்கு அத்தகைய வேர் கிடையாது. பள்ளமான நிரைகளில் வடிகால் வெட்டுவது அதனால்தான். வீட்டு வாசலில் உள்ள துளசிக்கு அன்பு மிகுதியால் வேளைக்கு ஒரு குடம் ஊற்றும் பிள்ளைக்கும் இதனை எடுத்துரைக்கலாம்.

விலங்குகளைப் பற்றி மிக நீட்ட வேண்டியதில்லை. பிள்ளைகள் அவற்றைத் தாமே உற்று நோக்குவர். அடைகாக்கும் கோழி ஒன்று வீட்டில் இருப்பின் 21 நாள்களையும் நாள்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். முட்டையோட்டில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உண்டு. உள்ளிருக்கும் குஞ்சுக்கு அவ்வழியே காற்றுச் செல்கிறது. உணவும் நீரும் உள்ளேயே இருக்கின்றன. தாய் தருவது வெப்பமும், முட்டையைப் புரட்டிவிடும் கவனமுமே. ஒன்றை மட்டும் வற்புறுத்த விரும்புகிறேன். காட்டில் திரியும் ஆடு தன் நிழலையும் நீரையும் தானே தேடிக்கொள்ளும். கட்டிவைத்த ஆடும், சங்கிலியில் உள்ள நாயும், போத்தலில் உள்ள மீனும் தேட இயலா. எவன் கட்டினானோ அவனே அவற்றுக்குத் தேடித் தர வேண்டும். ஒரு கிண்ணம் நீரை நாள்தோறும் வைக்கும் பொறுப்பை ஐந்து வயதுப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம்.

விரும்பாத உயிருக்கும் தேவைகள் உண்டு

ஓர் உயிருக்கு எது தேவை என்று அறிந்தால் அதனை வளர்க்கலாம். தேவையை மறுத்து விரட்டவும் செய்யலாம். தோட்ட மக்களின் வாழ்வில் இதனைக் காட்டிலும் பயனுள்ள அறிவியல் வேறில்லை என்பது என் கருத்து.

1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், மலேரியாவால் மக்கள் மடிவதைக் கண்டு, கொசு முட்டையிடும் சதுப்பு நிலங்களை வடியச் செய்து புதர்களை வெட்டினார். காய்ச்சல் தணிந்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே முறை எதிர்மாறான விளைவைத் தந்தது. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் மிகுந்தது. ஆராய்ந்தபோது, தாழ்நிலத்துக் கொசு நிழலான தேங்குநீரை நாடுவது என்றும், மலைத்தோட்டத்துக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடைநீரை நாடும் வேறோர் இனம் என்றும் தெரியவந்தது. ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் அதனை அடக்கினர். கொசுப்புழு நீரில் வாழினும், நீரின் மேற்பரப்புக்கு வந்து மேற்காற்றைச் சுவாசிப்பதாகும். எண்ணெய்ப் படலம் அதன் மூச்சை அடைத்துவிடுகிறது. சண்டை மீனுக்கு நேர்ந்த அதே கதி.

இன்று நம்மை வருத்துவது டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு. அதற்குச் சதுப்பு நிலம் வேண்டா. கொட்டாங்கச்சியில் தேங்கிய மழைநீர் போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் அதற்கு அந்நாள்கள் கிட்டா. முன்னர் பிழையாகக் கருதப்பட்ட "வாளி" என்னும் விடை, இக்கொசுவுக்கு வேண்டுவது யாது என்ற வினாவாக இருந்திருப்பின் முழுப் புள்ளியும் பெற்றிருக்கும்!

ஆகவே ஞாயிறுதோறும் பத்து நிமிடம் பிள்ளையுடன் லயத்தைச் சுற்றி வாருங்கள். வாளி, பூச்சட்டியின் அடித்தட்டு, பழைய டயர், கோழிக்கு வைத்த நீர்க்கிண்ணம் ஆகியவற்றை அவனே தேடிக் காட்டட்டும். நெளியும் புழுவைக் கண்டால் உற்று நோக்கச் செய்யுங்கள். பின்னர் நீரைக் காய்ந்த தரையில் கொட்டுங்கள், வடிகாலில் கொட்ட வேண்டா. ஏடிஸ் முட்டை ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அது பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருப்பதால் நன்கு தேய்த்துக் கழுவுதல் அவசியம். வெட்டு நிறுத்தப்பட்ட நிரைகளில் மரத்தோடு தொங்கும் மங்குகளையும் மறவாதீர்கள். ஒரு மழைக்கு ஒவ்வொன்றும் ஒரு குட்டையாகிவிடும். நீங்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துச் செல்லுங்கள். பிள்ளை பின்னால் எண்ணிக்கொண்டே வரட்டும்.